உழாமல் விட்ட இடம்

எருத்தேன்பதியில் என் உழவைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ரத்தினசாமி ஓட்டிய சால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் நான் சுமாரான ஆள்தான். படிப்பு நாலாவதோடு நின்றது. எல்லையோர ஊரில் இருந்தும் மலையாளம் சரியாக வராது. வில்லேஜ் ஆபீசில் போய் நின்றால் வாய் குழறும். ஏர் பிடிப்பதில் மட்டும் என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவனுடைய உழவுக் காட்டில், நட்டநடுவில், நாலு முறம் அகலத்துக்கு ஒரு திட்டு உழாமல் கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? எழுபத்தாறாம் வருஷம் கிடந்தது. அதற்குக் காரணம் என் மனைவி மருதாத்தாள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அவள் பாதிக் காரணம். மீதிக் காரணம் ஒரு ஆமை.

அதற்கு முந்தின மார்கழியில், ஒரு நாள் மத்தியானம், சோளத்தட்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தேன். மருதாத்தாள் காட்டின் நடுவில் அசையாமல் நின்றாள்.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

பாம்பு என்று நினைத்துத் தடியோடு போனேன். பார்த்தால் கட்டாமை. படித்தவர்கள் இதை நட்சத்திர ஆமை என்கிறார்கள். கறுத்த ஓட்டில் மேடு மேடாக இருக்கும். ஒவ்வொரு மேட்டு உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலாபக்கமும் இறங்கும். காய்ந்த புல்லுக்குள் அது உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாது.

"இதுக்கா கூப்புட்ட? வேல கெடக்குது."

"அவ முட்ட வெக்கப் போறாளாட்ட இருக்குதுங்க. உக்காருங்க."

உட்காரவில்லை. கோபத்தில் நின்றுகொண்டே பார்த்தேன். ஆடு மிதித்து மிதித்து இறுகிப்போன மண் அது. கடப்பாரை போட்டால்தான் பெயரும். ஆமை மூக்கை மண்ணில் வைத்து முகர்ந்தது, நகர்ந்தது, மறுபடி முகர்ந்தது. ஓர் இடம் பிடித்துப்போயிற்று. அங்கே நின்று, தன் உடம்பிலிருந்த நீரையெல்லாம் அந்த மண்ணில் விட்டது. மண் ஊறியது. பிறகு பின்னங்கால்களால் தோண்ட ஆரம்பித்தது. இடது கால் ஒரு பிடி, வலது கால் ஒரு பிடி. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் கழுத்து அவ்வளவு தூரம் திரும்பவும் திரும்பாது.

எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. நிழல் ஒரு கஜம் நகர்ந்திருந்தது. குழி ஒரு சாண் இறங்கியிருக்கும், வாய் குறுகி அடி அகன்று, உள்ளே கையை விட்டு வழித்த மாதிரி வழவழவென்று. முட்டையை அது பொத்தென்று போடவில்லை. ஒவ்வொன்றையும் பின்னங்காலால் தாங்கி, மெதுவாக இறக்கி, ஓரமாகத் தள்ளி வைத்தது. ஆறு முட்டை. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கி வயிற்றால் திம்மென்று இடித்துக் கெட்டிப்படுத்தியது. மேலே சருகை இழுத்துவிட்டது. முடித்துவிட்டுக் கிழக்கே பார்த்து நடந்தது. அது போன பிறகு குழி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மண்ணோடு முப்பது வருஷமாகப் புரள்கிறவன் நான். இப்படி ஒரு வேலைத்திறத்தை நான் கண்டதில்லை, இன்றுவரை என்னால் செய்யவும் முடியாது.

கிழக்கே, கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், கொறங்காடு. ஏர் படாத மேய்ச்சல் நிலத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கிடக்கும். ஒரு காலத்தில் எருத்தேன்பதியிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் கொறங்காடுதான். கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வந்ததும் ஆளாளுக்கு வேலியைப் பிடுங்கிக் கடலை போட்டோம். மிச்சம் நின்ற ஆமைகளைச் சந்தைக்கு வரும் வெளியூர் ஆட்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். முன்னெல்லாம் மழை பெய்த மறுநாள் இட்டேறியில், வேலிகளுக்கு நடுவில் போகும் மண்தடத்தில், ஏழெட்டு ஆமை பார்ப்போம். இப்போது வருஷத்துக்கு ஒன்று கண்ணில் பட்டால் பெரிசு. அது முட்டையிட்ட என் காடும் பத்து வருஷத்துக்கு முன் கொறங்காடுதான். வேலியைப் பிடுங்கியவன் நான். ஆமைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மருதாத்தாள் அன்றைக்கே முட்டையிருந்த இடத்தைச் சுற்றி வேல முள்ளை அடைத்து வைத்தாள், கீரி தோண்டாமல் இருக்க.

பங்குனியில் ஒரு மழை விழுந்தது. கோடை உழவுக்கு ஏர் பூட்டினேன். புது இரும்புக் கலப்பை, ஆழமாக இறங்கும். மருதாத்தாள் முள்ளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"சுத்தி ஓட்டிக்குங்க."

"நடுக்காட்டுல மொட்டத் தலையில குடுமி வெச்சாப்பல ஒரு பொட்ட உட்டுட்டுப் போறதா? நாளைக்கு ஊருக்குள்ள எப்புடி நடக்கறது?"

"அவ அத்தன பாடுபட்டு வெச்சத நீங்களுந்தான பாத்தீங்க. கலப்ப எறங்குச்சுன்னா ஒண்ணு மிஞ்சாதுங்க."

நான் பார்த்தேன் என்பதுதான் வம்பாகிவிட்டது. பார்க்காமல் இருந்திருந்தால் உழுதிருப்பேன். கறுவிக்கொண்டே மாட்டைத் திருப்பினேன். திட்டைச் சுற்றி ஓட்டியதில் அந்த இடத்தில் சால் எல்லாம் வளைந்து போயிற்று. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாளே வந்துவிட்டான் செங்கோட்டையன். பக்கத்துக் காட்டுக்காரன், எனக்கு மச்சான் முறை. உழவில் எனக்கு அடுத்த ஆள் என்று ஊர் சொல்லும். தான்தான் முதல் ஆள் என்று அவன் சொல்லுவான்.

"என்ன மாப்ள, கண்ணு மங்கிப்போச்சா? நடுவுல ஒரு திட்டு உட்டுட்ட."

ஆமைக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. பொண்டாட்டி சொன்னாள் என்றால் அவன் கார்த்திகை வரைக்கும் சிரிப்பான்.

"அது கன்னிமாரு எடம் மச்சா. கனவுல வந்து சொல்லுச்சு. ஏர் படக்கூடாதுன்னு."

எங்கள் காடுகளில் அங்கங்கே ஏழு கல் நட்டுக் கன்னிமார் சாமி இருக்கும். அதைச் சுற்றி யாரும் உழமாட்டார்கள். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு லேசாக வாயில் வந்தது. செங்கோட்டையனின் சிரிப்பு நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் திட்டின் ஓரமாக ஏழு கல் வந்துவிட்டது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தது. சாமிக்கு முள் எதற்கு என்று வேல முள்ளை எடுத்து எறிந்திருந்தார்கள். மருதாத்தாள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. காலையும் மாலையும் போய்க் கீரி வருகிறதா என்று காவல் நின்றாள். பார்த்தவர்கள் அவளுக்குச் சாமி பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சித்திரை போயிற்று. வைகாசியும் பாதி போயிற்று. மழை இல்லை. விதைக்கடலையை உடைத்து வைத்துக்கொண்டு ஊரே வானத்தைப் பார்த்தது. பழனாத்தாள் ஒரு முடிவுக்கு வந்தாள். எங்கள் ஊரில் எந்தச் சாமி காரியமும் பழனாத்தாள் இல்லாமல் நடக்காது. அவள் சொன்னால் ஆண்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ரத்தினசாமி காட்டுக் கன்னிமாருக்கு இதுவரை ஒரு பொங்கல்கூட வைக்கவில்லை, அதனால்தான் மழை இல்லை, வருகிற வெள்ளிக்கிழமை ஊரோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"அடுப்பு எங்கீங்கக்கா வெட்டறது?" என்று கேட்டேன்.

"சாமி இருக்கற திட்டுலதான். வேற எங்க?"

வீட்டுக்கு வந்து மருதாத்தாளிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"முட்ட வெந்துபோகும். இன்னும் பத்துப் பதினஞ்சு நாளுல பொரிக்கறதுங்க."

"நீ போய்ப் பழனாக்காகிட்ட சொல்லேன். பொம்பளைக்குப் பொம்பள."

"பொய் உங்களதுங்க. நீங்களே போய் அவுத்துட்டு வாங்க."

வியாழக்கிழமை முழுக்க அவிழ்க்கவில்லை. மூன்று தடவை பழனாத்தாள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். சாமி பேரில் பொய் சொன்னவன் என்று ஒரு தடவை பேர் எடுத்தால் சாகும் வரைக்கும் போகாது. வெள்ளிக்கிழமை காலையில் பானையும் கரும்பும் விறகுமாக ஊர் என் காட்டுக்குள் வந்தது. செங்கோட்டையன் கடப்பாரையோடு திட்டில் ஏறி, காலால் மண்ணைத் தட்டி இடம் பார்த்தான். அவன் கால் வைத்த இடத்துக்கும் முட்டைக்கும் ஒரு முழம்கூட இல்லை. மருதாத்தாள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்தாள். கடப்பாரை மேலே போனது.

"மச்சா, அங்க வெட்டாத. அது கன்னிமாரு எடமில்ல. நாஞ் சொன்னது பொய்."

அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அப்பறம் என்ன எடம்?" என்றாள் பழனாத்தாள்.

"அதுக்குள்ள ஆம முட்ட இருக்குதுங்கக்கா."

"சாமி பேருல பொய் சொன்னயா, ரத்தனம்?"

"ஆமாங்கக்கா."

"எதுக்கு?"

"வெக்கத்துல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பழனாத்தாள் மருதாத்தாளிடம் போனாள்.

"நெசமாலுமா புள்ள?"

"நெசந்தானுங்க. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து பாத்தமுங்க. ஆறு முட்ட."

மருதாத்தாள் சொல்ல ஆரம்பித்தாள். மண்ணை எப்படி நனைத்தது, எந்தக் காலால் தோண்டியது, ஒவ்வொரு முட்டையையும் எப்படி இறக்கி வைத்தது, எல்லாம். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் பானையை இறக்கி வைத்துவிட்டு அவளைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"பாக்காமயேவா தோண்டுச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாக்காமதானுங்க. எத்தன ஆழம்னு காலுக்கே தெரியுது."

"நாம நாலு பேரக் கூட வெச்சுக்கிட்டு ஒண்ணப் பெக்கறோம்," என்றாள் இன்னொருத்தி. பழனாத்தாள் கீழே இருந்த பானையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு, "ஊட்ட உட்டு எடுத்துட்டு வந்த பானையப் பொங்காம திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. அடுப்ப வேலிக்கு அக்கட்டால வெட்டு, செங்கோட்டையா," என்றாள். கன்னிமாருக்குச் சமாதானம் சொல்லிக் கும்பிட்டு, ஏழு கல்லையும் அவளே எடுத்துக் கொறங்காட்டு வேல மரத்தடியில் வைத்தாள். பொங்கல் அங்கே பொங்கியது. எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மழை அதற்குப் பிறகும் வரவில்லை. பொய் சொன்ன வாயால்தான் மழை போயிற்று என்று டீக்கடையில் என் காதுபடப் பேசினார்கள். ஆமைக்காரர் என்று பேர் வைத்தார்கள். நான் தெருவழியே போவதை விட்டு இட்டேறி வழியாகக் காட்டுக்குப் போய்வந்தேன்.

"ஆறு முட்டைக்காவ என்ற மானமே போச்சு," என்று ஒரு நாள் மருதாத்தாளிடம் கத்தினேன்.

"போனது பொய்தானுங்க. மானம் எங்கீங்க போச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் காவலுக்குப் போனாள்.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் மேற்கே இடித்தது. விடிகிற வரைக்கும் நின்று பெய்தது. எங்கள் பூமியில் அப்படி ஒரு ஈரம் ஒரு நாள்தான் நிற்கும். வெயில் ஏறுவதற்குள் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். காலையில் பார்த்தால் எந்தக் காட்டிலும் ஏர். என் ஏருக்குப் பின்னால் மருதாத்தாள் மடியில் விதைக்கடலையோடு சாலில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த சால் ஓட்டும்போது முந்தின சால் மூடிக்கொள்ளும், விதைப்பு அப்படித்தான். வேலியோரத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டை நோக்கி வந்தோம். நாற்பது சால் முடித்திருந்தேன். அன்றைக்கு ஓட்டியதைப் போல நான் என்றைக்கும் ஓட்டியதில்லை, அவ்வளவு நேர், அவ்வளவு ஆழம்.

"நில்லுங்க," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். விதை போட வேண்டிய சாலில் குனிந்து நின்றாள். அவள் கால் பக்கத்தில், பாதி எலுமிச்சங்காயைக் கவிழ்த்து வைத்த அளவில், ஒரு ஆமைக் குஞ்சு. மஞ்சள் ஓட்டில் கறுப்புத் தீற்றல். ஓட்டில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. சாலின் பக்கவாட்டில் ஏறியது. பாதி ஏறியதும் மண் சரிந்து மல்லாந்தது. காலை உதைத்து உதைத்துத் திரும்பிக்கொண்டு மறுபடி ஏறியது. மறுபடி மல்லாந்தது. கிழக்கே போக வேண்டும் அதற்கு, வேலிக்கு. பிறந்து அரை நாள்கூட ஆகியிருக்காது, வழி தெரிந்திருக்கிறது. குறுக்கே நின்றது என் சால்.

திட்டுக்கு ஓடினேன். மழையில் இளகிய மண்ணில் எலி வளை மாதிரி ஒரு ஓட்டை. உள்ளே உடைந்த முட்டை ஓடுகள். ஒரு குஞ்சும் இல்லை.

மாட்டை அவிழ்த்து விட்டேன். இருவரும் சால் சாலாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். இன்னும் மூன்று கிடைத்தன. நாலையும் மருதாத்தாள் முந்தானையில் ஏந்திக்கொண்டு போய்க் கிளுவை வேரடியில் விட்டாள். ஒவ்வொன்றும் தலையை நீட்டிப் புல்லைப் பார்த்தது, உள்ளே போயிற்று. அவ்வளவு சின்ன உயிர், யாரும் சொல்லித் தராமல், தன் வீட்டுக்குள் போகிற மாதிரி போயிற்று. எனக்குக் கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, கை முழுக்க மண்.

மீதி இரண்டு? திட்டுக்கும் வேலிக்கும் நடுவில், நான் மூடிய அந்த நாற்பது சாலுக்குள்தான் அவை அகப்பட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து நான் கவனித்தது சாலின் நேரை மட்டும்தான், மண்ணைப் பார்க்கவில்லை.

மண்வெட்டியை எடுத்தேன். திறந்திருந்த கடைசிச் சால், அதற்கு மேற்கே கோடையில் ஓட்டிய சால்கள் எல்லாவற்றையும் உடைத்து, திட்டிலிருந்து வேலி வரைக்கும் மண்ணைத் தள்ளிச் சமமாக்க ஆரம்பித்தேன். எங்கேயாவது கிடந்தால் நடந்து போகட்டும் என்று. ஊர் மெச்சிய சால்களை நானே கொத்தி மூடுவதை மருதாத்தாள் பார்த்தாள். பிறகு மூடிய சால்களில் மண்டியிட்டு, மண்ணைக் கையால் விலக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.

"மாப்ள, பைத்தியம் புடிச்சுப்போச்சா? ஈரம் காயுது," என்று செங்கோட்டையன் வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"ரெண்டு குஞ்சக் காணம் மச்சா."

அவன் தலையில் அடித்துக்கொண்டு மாட்டை அதட்டினான். இரண்டு சால் போனான். மூன்றாவதில் அவன் ஏர் மெதுவாகியது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவன் மேழியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்து நடந்துகொண்டிருந்தான். மாடு போன போக்கில் சால் கோணிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் ஏர் நின்றுவிட்டது.

வரப்பைத் தாண்டி வந்தான். இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு, பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்தான். காய்த்துப்போன அந்தக் கைக்குள் ஐந்தாவது குஞ்சு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன கனம் இருக்கும்னு நெனைக்கற? ஒண்ணுமே இல்ல மாப்ள," என்றான். வேலிக்குப் போய் அவனே விட்டான். அது புல்லுக்குள் மறைந்த பிறகும் குந்தியபடியே இருந்தான். எழுந்து வந்து, "இன்னும் ஒண்ணா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தன் மாட்டையும் அவிழ்த்துக் கட்டினான்.

ஆறாவது கிடைக்கவில்லை. மூன்று பேரும் பொழுது சாய்கிற வரைக்கும் தேடினோம். ஊரில் அத்தனை ஏரும் ஓடிய அன்றைக்கு எங்கள் இரண்டு ஏரும் சும்மா கிடந்தன. மறுநாள் வெயிலில் மண் காய்ந்தது. அடுத்த மழை ஒரு மாதம் கழித்துத்தான். அந்த வருஷம் எங்கள் இரண்டு பேர் காட்டிலும் கடலை பாதிதான் வந்தது. அதற்காகச் செங்கோட்டையன் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் இருவரும் தனியாக இருக்கும்போது சில நேரம் கேட்பான்.

"அந்த நாப்பது சாலுக்குள்ள போயிருக்குமா மாப்ள?"

இல்லை என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன்.